மூடியில் கட்டைவிரல்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.
விஸ்மாவின் ஜாடியிலிருந்து தின்றது நான்தான்.

ரீகாவின் டிராலிபஸ் பணிமனை,
பிப்ரவரி, அதிகாலை மூன்றே முக்கால்.
வண்டிகளின் கூரையேறி
மின்கோல்களில் உறைந்ததை
இரவெல்லாம் சுரண்டிய கை
ஃப்ரிட்ஜைத் திறந்தது,
கதகதப்புக்காக என்றால் நம்புவீர்களா?
வெளியே மைனஸ் பதினாறு.
உள்ளே ப்ளஸ் நான்கு.
எங்களூர்க் கணக்கு அது.

பழைய ஊறுகாய் ஜாடி ஒன்று.
வெள்ளரிக்காய்ப் படம் பாதி கிழிந்து,
மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் நீலப் பேனா:
விஸ்மா. முதல் வண்டி.

கண்ணாடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.
அடியில் ஓட்ஸ்,
கேஃபிரைக் குடித்துக் குடித்து
இனி இடமில்லை என்று உப்பிக் கிடந்தது.
நடுவே துருவிய ஆப்பிள், மெல்லிய கோடாக.
உச்சியில் அவள் போன ஆகஸ்டில்
காட்டுக்குள் முதுகு வளைத்துப் பொறுக்கிய
ப்ளூபெர்ரிகள்.
ஓரமாக மூன்றே மூன்று கிரான்பெர்ரி.

மூன்று கரண்டி தின்றேன்.
மூன்றாவதில் வந்த கிரான்பெர்ரி
இன்னும் கல்லாகவே இருந்தது,
நேராக என் சொத்தைப் பல்லில் இறங்கியது.
திருடனைத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று
அன்றுதான் தெரிந்தது.
பக்கத்து அறையில் ஸ்ப்ரோகிஸ் கணக்கெழுதுகிறார்.
வாயை மூடிக்கொண்டே கத்தினேன்.

பிறகு கரண்டியின் முதுகால்
மேல்பரப்பைத் தடவிச் சமன்செய்தேன்.
பழங்களை நகர்த்தினேன்.
இரண்டு கிரான்பெர்ரியை
மூன்று மாதிரி எப்படி வைப்பது?
முயன்று பார்த்தேன்.

மறுநாள் ஜாடி சற்றே பெரிது.

வெள்ளிக்கிழமை
இரண்டு ஜாடிகள்.
இரண்டாவதின் பிளாஸ்திரியில்:
திருடனுக்கு.
பூசணி விதை போட்டிருக்கிறேன், மென்று தின்னவும்.

பழைய டயர்மேல் உட்கார்ந்து
அடிவரை வழித்துத் தின்றேன்.
அவமானம் இத்தனை ருசியாக இருக்குமென்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

நாற்பத்தாறு வயதுவரை
சாசேஜ் வதக்குவதைத் தவிர
ஒன்றும் அறியாதவன் நான்.
முதல் நாள் பாலைக் கொதிக்கவைத்து ஊற்றினேன்,
சுவரொட்டி ஒட்டலாம் போல ஆயிற்று.
மறுநாள் பழத்தையும் ஆரம்பத்திலேயே கொட்டினேன்,
விடிவதற்குள் எல்லாம்
அடிபட்ட கண்ணின் நிறம்.

மூன்றாம் நாள்தான் புரிந்தது.
கலக்க வேண்டும்.
மூட வேண்டும்.
கையை எடுத்துவிட வேண்டும்.
போல்ட்டை இறுக்கியே பிழைத்தவனுக்கு
அந்தக் கடைசி வேலை லேசில்லை.
நான் எங்கோ கூரைமேல் நிற்கும்போது
என் சமையலறையின் இருட்டில்
ஒரு ஜாடி
தானாகவே மெதுவாகிக்கொண்டிருந்தது.

இன்னொரு இரவு. மேலே பேரிக்காய்த் துண்டும்
கடற்கரைப் புதரின் ஆரஞ்சு மணிகளும் தூவி
ஃப்ரிட்ஜில் வைத்தேன்.
விஸ்மாவுக்கு என்று மட்டும் எழுதினேன்.
என் பெயர் எழுதவில்லை.

நாலு இருபதுக்கு அவள் பூட்ஸ் சத்தம்.
நான் ஒன்பதாம் வண்டிக்கு அடியில்
குழிக்குள், கழற்றத் தேவையில்லாத எதையோ
கழற்றிக்கொண்டிருந்தேன்.
மூடி திறக்கும் ஓசை.
கரண்டி கண்ணாடியில் படும் ஓசை.
அப்புறம் எதுவும் இல்லை,
நீண்ட நேரம்.

"இல்க்வார்ஸ்!
அடுத்த தடவை ஒரு சிட்டிகை உப்புப் போடு."

தலையை நீட்டினேன்.
அவள் கையில் இன்னொரு மூடி,
முதல் நாள் ஜாடியுடையது.
வெள்ளைத் தகரத்தின்மேல்
கிரீஸில் என் கட்டைவிரல்,
ஒரு ரேகை விடாமல்.
கழுவாமல் வைத்திருந்திருக்கிறாள்.

ஜாடியைக் காலிசெய்து
கையுறை மாட்டிக்கொண்டு
நாலு நாற்பத்தெட்டுக்கு வண்டியை எடுத்தாள்.
கம்பியில் ஒரு நீலப் பொறி தெறித்தது.
சுரண்டியதில் எங்கோ கொஞ்சம் விட்டிருக்கிறேன்.

வீடு திரும்பியதும்
சட்டையைக்கூட மாற்றாமல்
உப்பு எங்கே என்று
அலமாரியின் எல்லாக் கதவுகளையும் திறந்தேன்.